பாயை இழைத்தது யார்

எனக்கு ஒரு மணி நேரம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். கிடைத்தது பதினெட்டு நிமிடம். மீதி நாற்பத்திரண்டு நிமிடத்தையும் குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று தின்று ஏப்பம் விட்டார்கள். போதாக்குறைக்குக் கழுத்தில் ஒரு மாலை, நனைந்த போர்வை கனத்தில். கடல் தாண்டி வந்தவளுக்கு மரியாதை செய்கிறார்களாம். செய்யாமல் இருந்திருந்தால் கருவைப் பற்றி இன்னும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

நான் பாளையங்கோட்டைக்காரி. கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். பதினைந்து வருடமாகக் கோழி முட்டையில் சின்ன ஓட்டை போட்டு உள்ளே வளரும் கருவைப் பார்ப்பதுதான் என் வேலை. அதிலும் ஒரே ஒரு புரதத்தை. லேமினின் என்று பெயர். மட்டக்களப்பில் ஒரு பல்கலைக்கழகத்தின் இரண்டு நாள் பயிலரங்கில் அதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள் என்றதும் வீட்டுக்காரர், "அங்க போயாவது கோவப்படாம இரு" என்றார். இருந்தேன். முதல் நாள் காலை பத்தரை மணி வரை இருந்தேன்.

அதற்கு முந்தின நாள் ரயிலில் நடந்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை. என் பக்கத்துச் சன்னல் பாதியில் சிக்கிக்கொண்டு, மழை முழுவதும் என் மடியில் விழுந்தது. நான் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன், குத்திப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். எதிர் இருக்கைச் சிங்கள அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம் என்னவோ சொல்லிச் சிரித்தார். அந்தப் பக்கத்து ஆள் ஏறாவூர் துணி வியாபாரி. அவரே எனக்கு மொழிபெயர்த்தும் சொன்னார்: "சன்னலுக்குத் தமிழ் தெரியா, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க எண்டு சொல்றா." அந்த அம்மாளே எழுந்து வந்து ஒரு தட்டுத் தட்டினார். சன்னல் ஏறிக்கொண்டது.

விஷயத்துக்கு வருகிறேன். பதினெட்டு நிமிடத்தில் நான் சொன்னது இவ்வளவுதான். கரு என்பது இரண்டு, நான்கு, எட்டு என்று பெருகும் செல்களின் சின்ன உருண்டை. அது தனக்கு வெளியே முதன்முதலில் செய்துகொள்ளும் பொருட்களில் ஒன்று லேமினின். மூன்று புரி முறுக்கிய புரதம் அது. அந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து ஒரு மெல்லிய விரிப்பாகின்றன. பாடப்புத்தகத்தில் அதற்கு அடித்தளச் சவ்வு என்று பெயர். வகுப்பிலும் மேடையிலும் நான் பாய் என்றுதான் சொல்வேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பத்தமடையில் கோரைப் பாய் நெய்கிறார்கள், அந்தப் பழக்கம். செல்கள் அந்தப் பாயில்தான் உட்காருகின்றன. எது மேல், எது கீழ், எங்கே நகர்வது, யாரோடு சேர்வது என்பதெல்லாம் பாயைத் தொட்டுத்தான் அவற்றுக்குத் தெரியும். எலிக் கருவில் இந்தப் புரதமே உருவாகாமல் தடுத்தால், கருப்பையில் ஒட்டிய கொஞ்ச நேரத்திலேயே கரு அழிந்துவிடும்.

பிறகு உடம்பு வளர வளர, தோலுக்கு ஒரு பாய், சிறுநீரகத்துக்கு ஒரு பாய், ஒவ்வொரு தசை நாரைச் சுற்றியும் ஒரு பாய். தசைப் பாயின் மூன்று புரியில் ஒன்று தப்பிப்போனால் குழந்தை துவண்டு பிறக்கும். கழுத்து நிற்கத் தாமதமாகும். பெரும்பாலும் நடக்க வராது. ஆனால் அறிவில் அநேகமாக ஒரு குறையும் இருக்காது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

அடுத்துச் சிறப்பு விருந்தினர் எழுந்தார். ஓய்வுபெற்ற பெரிய மனிதர். அவருக்கு யாரும் மணி அடிக்கவில்லை. "கர்ப்பிணித் தாய் நல்லதை நினைத்தால் நல்ல பிள்ளை பிறக்கும். பிள்ளையில் குறை என்றால் தாய் தன் நடத்தையைத் திரும்பிப் பார்க்க வேண்டும். இதைத்தான் இன்றைக்கு விஞ்ஞானமும் சொல்கிறது" என்று சொல்லி என்னைக் கையால் காட்டினார். எனக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது. நான் எப்போது ஐயா அதைச் சொன்னேன்? மேடையில் போட்ட மாலையோடு உட்கார்ந்திருந்தவள், எழுந்து ஒலிவாங்கியைப் பிடுங்கியிருக்க வேண்டும். பிடுங்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் என்மேலேயே இருக்கிறது.

அப்போதுதான் மண்டபத்தின் பின்வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. பிளேன்ரீ, அதாவது பாலில்லாத் தேநீர், தட்டத்தோடு நின்ற ஒரு பெண். முப்பது வயதிருக்கும். "அந்தப் பாய இழைக்கிறது ஆரு மிஸ்? தாயா, பிள்ளையா?"

மண்டபம் சிரித்தது. நிகழ்ச்சியை நடத்தியவர், "கேள்வி நேரம் மாணவர்களுக்கு மட்டும், நேரமும் போயிற்று" என்று நன்றியுரைக்குத் தாவிவிட்டார். பதினைந்து வருடத்தில் எத்தனையோ மாநாட்டில் பேசியிருக்கிறேன். அதைவிட நல்ல கேள்வி ஒன்றை எவரும் என்னிடம் கேட்டதில்லை. தேநீர் கொண்டுவந்தவள் கேட்டாள் என்பதற்காக அதற்குச் சிரிப்பு.

மதியச் சாப்பாடு பிரமாதம். அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வாவியில், அதாவது ஊரை ஒட்டிய கடற்கழியில், பிடித்த நண்டை மிளகு தூக்கலாகக் குழம்பு வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் தேங்காயை அரைத்து விடுவோம், இங்கே பாலாகப் பிழிந்து விடுகிறார்கள், நாக்கில் வழுக்கிக்கொண்டு போகிறது. சிறப்பு விருந்தினர் மூன்றாவது நண்டை உடைத்துக்கொண்டிருந்தபோது நான் கையைக் கழுவிவிட்டு அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன்.

ஆய்வுகூடத் தொட்டியில் நுண்ணோக்கிக் கண்ணாடித் துண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பெயர் குமுதா. அங்கே உதவியாளர். தேநீர் கொடுப்பது அவள் வேலையே இல்லை, விழா என்றால் அவள் தலையில் கட்டிவிடுவார்களாம்.

"பிள்ளைதான். கரு தனக்கு வேண்டிய பாயைத் தானேதான் நெய்துக்கிடும். தாய் நெய்து குடுக்கறதில்ல" என்றேன்.

அவள் குழாயை மூடினாள். "வடிவாத் தெரியுமா மிஸ்?" வடிவா என்றால் நன்றாக.

"பதினைஞ்சு வருசமா அதத்தான் பாக்கேன்."

"அப்ப தாய் தின்னுறது, நினைக்கிறது, கிரகணத்துக்க வெளியால போறது?"

"இந்தப் பாய்க்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள். "என்ட மகளுக்கு நாலு வயசு மிஸ். இன்னும் நடக்கேலா. நீங்க சொன்ன அந்தப் புரி இல்லையாம். இரத்தம் சோதிச்ச தாள் கிடக்கு. ஒருத்தரும் வடிவா வாசிச்சுச் சொல்லேல்ல. அவர் எங்கள விட்டுட்டுப் போய் எட்டு மாசம்."

மறுநாள் பயிலரங்கு மதியத்தோடு முடிந்தது. அந்தத் தாளை வாசிக்க, வவுணதீவுப் பக்கம் குமுதாவின் வீட்டுக்கு இரண்டு பேரும் கிளம்பினோம். வானம் ஓட்டையாகிவிட்டது போல மாரி கொட்டியது. பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோட்டையே காணோம். வட்டை எல்லாம், அதாவது கண்ணுக்கெட்டிய வயல்வெளி எல்லாம், ஒரே வெள்ளம். ஓட்டோக்காரர் இறங்கித் தண்ணீரைப் பார்த்தார். "இதுக்கு மேல இது நீந்தாது மிஸ்" என்று எங்களை இறக்கிவிட்டு வந்த வழியே போனார். கிளம்பும்போதே சொல்லித் தொலைத்திருக்கலாமே. பிறகு ஓர் உழவு மெசினின், எங்கள் ஊர் டிராக்டரின், பெட்டியில், உர மூட்டைகளுக்கு நடுவில், ஒரு குடையை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். என் பட்டுச் சேலையைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

வழியில் குமுதா தன் ஊர் வழக்கத்தைச் சொன்னாள். இங்கே குடி, அதாவது குலம், தாய்வழி. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஒரே குடிக்குள் கல்யாணம் கிடையாது. வீடு பெண்ணுக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பையோடு பெண் வீட்டுக்கு வர வேண்டும். எங்கள் பக்கம் பெண் அழுதுகொண்டு காரில் ஏறுவாள். அடடா, இதல்லவா ஊர் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். என் மெச்சல் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை.

மகள் அபிஷா சுவரோடு சாய்த்து வைத்த தலையணையில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்த கையும் காலும், மெல்லிய குரலும். ஆனால் வாய் மட்டும் ஓயாது.

"நீங்க இந்தியாவா? பறக்கிற பிளேன்லயா வந்த?"

"பறக்காத பிளேன் இருக்கா?"

"ஓம். எயார்போட்ல நிக்கிறது."

பேச்சுக்கு நடுவே பாயின் ஓரத்தை விரலால் பிரித்துக்கொண்டிருந்தாள். "பன்ன இழுக்காதகா" என்று குமுதா அதட்டினாள். பன் என்றால் வாவிக் கரையில் வளரும் ஒருவகைக் கோரை. வெட்டிக் காயவைத்து அதில்தான் இங்கே பாய் இழைப்பார்களாம். பன் நல்லதாக அமையாவிட்டால் எப்படி இழைத்தாலும் பாய் நைந்துபோகும் என்றாள். சுடச்சுடப் புட்டும் இறால் பொரியலும், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத எருமைத் தயிரும் வந்தன. தின்றுகொண்டே தாள்களைக் கேட்டேன்.

பொலித்தீன் பைக்குள் பை, அதற்குள் பை. எங்கிருந்தோ இலவச முகாமுக்கு வந்த ஒரு வெளிநாட்டு வைத்தியர் மூன்று பேரின் இரத்தத்தையும் எடுத்துக்கொண்டு போய், சோதித்து, தபாலில் அனுப்பியிருக்கிறார். எல்லாம் ஆங்கிலம். முதல் தாள் பிள்ளையுடையது. இரண்டாவது தாயுடையது. எங்கே தகப்பனுடையது என்றேன். அவ்வளவுதான் மிஸ் என்றாள். எனக்கு நம்பிக்கையில்லை. இரண்டாவது தாள் தடிப்பாக இருந்தது. ஈரத்தில் பின்னால் இன்னொன்று ஒட்டிக் கிடந்தது. கொதிக்கும் கேத்தல் ஆவியில் காட்டி, நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தேன். மூன்றாவது தாள். ரவீந்திரன், தகப்பன்.

"இத இதுவரைக்கும் யாரு வாசிச்சா?"

"டவுன்ல மருந்துக்கடை ஐயா. தாய்ட தாள்ல குறை இருக்கு எண்டு சொன்னார். மாமியும் பக்கத்துல நிண்டவ."

"அப்பா தாள்?"

"அத ஒருத்தரும் கேக்கேல்ல மிஸ்."

ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தாயின் தாளில் குறை என்றதும் போதும், ஊருக்கு விடை கிடைத்துவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். அதற்கு அவர்கள் வழக்கத்திலேயே நியாயமும் இருந்தது. பிள்ளை தாயின் குடி, ஆகவே பிள்ளையின் குறையும் தாயின் குடி. மாமியார் அதைச் சொல்லித்தான் மகனைக் குருக்கள்மடத்திலுள்ள தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். வீடு பெண்ணுக்கு என்று நான் மெச்சினேனே, அந்த வீட்டோடு பழியையும் சேர்த்து அவளுக்கே எழுதி வைத்துவிட்டார்கள்.

மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். முதலிலேயே ஒன்றைச் சொன்னேன், நான் டாக்டர் இல்லை, கோழி முட்டைக்காரி. ஆனால் இதை வாசிக்கத் தெரியும். லேமினின் செய்யும் குறிப்பு, அதாவது மரபணு, நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு இரண்டாக இருக்கிறது, தாய் தந்தது ஒன்று, தகப்பன் தந்தது ஒன்று. ஒன்று பிழையானாலும் மற்றது சரியாக இருந்தால் வேலை நடந்துவிடும். குமுதாவுக்கு ஒன்று பிழை. ரவீந்திரனுக்கும் ஒன்று பிழை. இரண்டு பேரும் நன்றாக ஓடியாடித் திரிகிறார்கள். அபிஷாவுக்கு இரண்டுமே பிழையானதாக வந்து சேர்ந்துவிட்டது. யார் எதை நினைத்தும் வரவில்லை, எதைத் தின்றும் வரவில்லை.

குமுதா அழவில்லை. மூன்றாவது தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. இரண்டு பேர் தாளிலும் பிழை ஒரே இடத்தில், எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது. "நீங்க ரெண்டு பேரும் இரத்த உறவா?" என்று கேட்டேன். "இல்ல மிஸ், வேற வேற குடி" என்றாள். தாளின் தலைப்பிலும் பெற்றோருக்குள் உறவு இல்லை என்றுதான் போட்டிருந்தது. சரி என்று விட்டுவிட்டேன். படித்தவள் விட்டுவிட்டேன்.

"நாளைக்கு மாமி வீட்ட அவருக்கு வேற இடத்துல சம்பந்தம் பேசி முடிக்கப் போறாங்க" என்றாள் குமுதா. "பொம்புளப் பக்கம் பின்னேரம் வாறாங்களாம். அதுக்கு முன்னம் இந்தத் தாள மிஸ் ஒருக்கா அவருக்கு வாசிச்சுச் சொல்லுவீங்களா?"

நாளை மாலை எனக்குக் கொழும்புக்கு ரயில். போகட்டும், பஸ் இருக்கிறது.

மூன்றாம் நாள் மழை விட்டிருந்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரை, கிழக்கே கடற்பக்கம் எழுவான்கரை. சூரியன் படுகிற கரை, எழுகிற கரை. இப்படி ஊருக்குப் பெயர் வைத்தவரைக் கும்பிடலாம். அம்பிளாந்துறையிலிருந்து குருக்கள்மடத்துக்கு வாவியைக் கடக்க இரும்பு மிதவை ஒன்று இருக்கிறது. இயந்திரப் படகு அதைத் தள்ளிக்கொண்டு போகும். இங்கே அதற்குப் பெயர் பாதை. நான்கைந்து மோட்டார் சைக்கிள், பள்ளிக்கூட டீச்சர் இரண்டு பேர், ஒரு ஆடு, நாங்கள் மூவர். அபிஷா தாயின் இடுப்பில்.

நடு வாவியில் பாதை நின்றுவிட்டது. வெள்ளத்தில் அடித்து வந்த ஆற்றுவாழை, எங்கள் ஊர் ஆகாயத்தாமரைதான், படகின் விசிறியில் சுற்றிக்கொண்டது. ஒருவர் கத்தியோடு தண்ணீரில் குதித்தார். "பத்து நிமிசம்" என்றார்கள். பத்து, இருபதாகி, நாற்பதானது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பொருமினேன். ஒரு டீச்சர் மற்றவளிடம், "இந்தியாக்காரி பாதைய முறைச்சே ஓட வைப்பா போல" என்று மெதுவாகச் சொன்னதும் காதில் விழுந்தது.

பொருமலை அடக்கக் குமுதாவிடம் பேச்சுக் கொடுத்தேன். உங்கள் மாமியாருக்கு ஏன் உங்கள்மேல் இவ்வளவு வெறுப்பு?

"வெறுப்பு இல்ல மிஸ். சின்னல்ல என்னத் தூக்கி வளத்ததே மாமிதான். எங்கட அப்பாட கூடப்பிறந்த தங்கச்சியெல்லோ."

நான் கையிலிருந்த குடையைக் கீழே போட்டேன். "என்ன சொன்னீங்க? உங்க அப்பா தங்கச்சி மகனா அவரு?"

"ஓம் மிஸ். சொந்த மச்சான். உரிமைக் கலியாணம்."

"நேத்து இரத்த உறவு இல்லன்னீங்களே."

"மாமிட குடி வேற, எங்கட அம்மாட குடி வேற. மறுகா எப்படி மிஸ் இரத்த உறவாகும்?"

அவள் பொய் சொல்லவில்லை. அவள் கணக்கில் இரத்தம் தாய் வயிற்றோடு போகிறது. அந்த வரிசைக்கு வயித்துவார் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். முகாமில் யாரோ ஒரு படிவத்தைப் பார்த்து உறவா என்று கேட்டிருப்பார்கள், இவள் குடியை நினைத்து இல்லை என்றிருப்பாள், அவர்கள் இல்லை என்று கோடு கிழித்துவிட்டுப் போயிருப்பார்கள். உங்கள் அப்பாவைப் பெற்றவள் யார், மாமியைப் பெற்றவள் யார் என்று எவருக்கும் கேட்க வரவில்லை. அவர்களைத் திட்ட வாயெடுத்தேன். நேற்று நான் என்ன கேட்டேன்? அதே கேள்விதான். இத்தனைக்கும் என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"இப்ப பேசற பொண்ணு யாரு?" என்றேன். கேட்கும்போதே பயமாக இருந்தது.

"மாமிட தம்பிட மகள். அந்தப் பிள்ளையும் வேற குடிதான் மிஸ். குடி மாறினாச் சரியாப் போகும் எண்டு மாமி சொல்றா."

பாதை கிளம்பியது. கரை வரும்வரை குமுதாவின் அப்பா, மாமி, மாமியின் தம்பி என்று விரல் மடித்து எண்ணிக்கொண்டே வந்தேன்.

குருக்கள்மடத்தில் பிரதான வீதிக்குப் பக்கத்திலேயே வீடு. முற்றம் கூட்டி, நாற்காலிகள் போட்டு, பலகாரத் தட்டு மூடி வைத்திருந்தது. மாமியை நான் ஒரு ராட்சசியாகக் கற்பனை செய்துகொண்டு போயிருந்தேன். வந்தவர் ஒல்லியான, கண்ணாடி போட்ட பெண்மணி. எனக்கு நாற்காலி போட்டார், தேத்தண்ணி கொடுத்தார், அபிஷாவின் கன்னத்தைத் தடவி, "மெலிஞ்சு போனயேகா" என்றார். ராட்சசியாகவே இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். ரவீந்திரன் வாவியில் மீன் பிடிப்பவன். மரத்தடியில் நின்றான், கிட்டே வரவில்லை.

நானே மரத்தடிக்குப் போய் மூன்றாவது தாளை அவன் கையில் கொடுத்து, வரிவரியாக விரல் வைத்து வாசித்துச் சொன்னேன். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "எனக்கும் இருக்கா?"

"இருக்கு. குமுதாவுக்கு இருக்கறது மாதிரியே."

மாமி குறுக்கே வந்தார். "இருக்காது மிஸ். பிள்ள எந்தக் குடியோ குறையும் அந்தக் குடி. எங்கட குடியில அப்படி ஒருத்தரும் பிறக்கேல்ல. அதுக்காகத்தானே வேற குடியில பாக்கிறம்."

மூன்று நாளாக அடக்கி வைத்தது அத்தனையும் அங்கே உடைந்தது. மேடையில் விட்ட கோபமும் சேர்ந்துதான். "நீங்களும் குமுதா அப்பாவும் ஒரே வயித்துல பிறந்தவங்கதான? இப்பப் பேசுத பொண்ணோட அப்பனும் அதே வயிறுதான? ரெண்டு தாள்லயும் ஒரே பிழை எழுத்துக்கு எழுத்து இருக்குன்னா, அது அநேகமா உங்களைப் பெத்தவங்க வழியாத்தான் வந்திருக்கு. ஒண்ணு உங்க அண்ணன் வழியா மருமகளுக்கு, ஒண்ணு உங்க வழியா மகனுக்கு. அந்தப் பொண்ணுக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரத்தம் பாக்காம முடிச்சு வச்சா அடுத்த பிள்ளையும் இப்படியே பிறக்கலாம். அப்ப எந்தக் குடியைச் சொல்லுவீங்க?"

மாமி பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார். "அப்ப குறை எங்கட வயித்துவார்லயா?" என்றார். தனக்குத்தானே கேட்பது போலிருந்தது. "நானா குடுத்த?"

வென்றுவிட்டேன் என்ற நினைப்பு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஒருத்தி தலையிலிருந்த கல்லை எடுத்து இன்னொருத்தி தலையில் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். இதற்கா பதினைந்து வருடப் படிப்பு என்று வெட்கமாகப் போயிற்று.

குமுதாதான் பேசினாள். மாமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உங்கட பிழையும் இல்ல மாமி" என்றாள். "தாய் இழைச்சுக் குடுக்கிறதில்லையாம். வயித்துக்க பாய இழைக்கிறது பிள்ளதானாம். மிஸ்தான் சொன்ன."

சொல்லி முடித்ததும்தான் எங்கள் எல்லோருக்கும் நினைவு வந்தது. நாற்காலியில் தலையணையில் சாய்ந்துகொண்டு அபிஷா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நானாம்மா பிழையா இழைச்ச?" என்றாள்.

பேராசிரியர்கள் கேட்டால் பதில் சொல்வேன். மாமி முகத்தை மூடிக்கொண்டார். குமுதா எழுந்தாள்.

அதற்குள் ரவீந்திரன் மரத்தடியிலிருந்து வந்தான். அவள் நாற்காலிக்கு முன்னால் மண்ணில் முழங்காலிட்டு உட்கார்ந்தான். எட்டு மாதத்துக்குப் பிறகு அவன் அவளோடு பேசியது அதுதான் முதல்.

"நீ வடிவாத்தான் மகள் இழைச்ச. பன்தான் நல்லது இல்ல. பாதிப் பன் அம்மா தந்த, பாதி நான் தந்த. ரெண்டு பேரும் தெரியாமத் தந்திட்டம்."

அபிஷா யோசித்தாள். வாவி இருக்கும் பக்கம் பார்த்தாள்.

"அப்ப நல்ல பன்னா இன்னும் கொஞ்சம் வெட்டித் தாங்களன் அப்பா."

அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அவள் தலை சரியாமல் கையால் பிடித்துக்கொண்டான், பழகிய கை. மாமி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனார். போனில் அவர் பேசியது முற்றம் வரை கேட்டது. "தம்பி, இண்டைக்கு வர வேணாம். முதல்ல பிள்ளைட இரத்தத்த ஒருக்காப் பாக்க வேணும். எங்களுக்கும்தான்."

மூன்று மணிப் பாதைக்கு அவர்கள் மூவரும் துறைக்கு நடந்தார்கள். ரவீந்திரனின் ஒரு தோளில் மகள், மறு தோளில் உடுப்புப் பை. நான் பிரதான வீதியில் பஸ்ஸுக்கு நின்றேன். மாமி பொட்டலம் கட்டிக் கொடுத்த பலகாரம் கையில் கனத்தது. பஸ் வரவில்லை. வழக்கமாக இந்நேரம் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பேன்.

ஊருக்கு வந்து முட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பாயை யார் இழைப்பது என்ற கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அந்தப் பிள்ளை கேட்ட பன்னை எங்கே போய் வெட்டுவது என்று தெரியவில்லை.